தத்துவத்தை ஒருவர் ஏன் தேர்ந்தெடுத்துப் படிக்கிறார்?

பதிவு 1 – கரைகாணான்

அனைவருக்கும் வணக்கம். பட்டப்படிப்பில் தத்துவத்தை முதன்மைப் பாடமாக எடுத்துக்கொள்ளலாமா என்ற யோசனையில் இருக்கிறேன். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. ஆனால் அப்பா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்: "மருத்துவம் படிப்பவருக்கு எதிரே நோயாளி இருக்கிறார், சட்டம் படிப்பவருக்கு எதிரே வழக்கு இருக்கிறது, நீ படிக்கப்போவதற்கு எதிரே என்ன இருக்கிறது?" சிந்தனைத் திறன் வளரும், எதையும் கேள்வி கேட்கும் பழக்கம் வரும் என்றெல்லாம் நான் சொல்லிப் பார்க்கிறேன். ஒழுங்காகப் படித்தால் எந்தப் பாடத்தாலும் அவை வரும் என்று அவர் சொல்லும்போது மறுத்துப் பேச எனக்கு வழியில்லை.

எனவே இத்துறையைப் படித்தவர்களிடமும், படித்துவிட்டு விலகியவர்களிடமும், படிக்கவே கூடாது என்று கருதுபவர்களிடமும் கேட்கிறேன். உங்களை இதற்குள் இழுத்தது எது? படிக்கத் தொடங்கிய பின்னும் அந்தக் காரணம் நிலைத்ததா? பயன்களின் பட்டியலை நானே திரட்டிக்கொள்வேன். எனக்கு வேண்டியது காரணங்கள்.

பதிவு 2 – ஏட்டுச்சுவடி

தம்பி, நீண்ட காலம் தத்துவம் கற்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தத்துவம் எதிலிருந்து தொடங்குகிறது என்பதற்குப் பழைய நூல்கள் இரண்டு பெரிய விடைகளைத் தருகின்றன. பிளேட்டோவின் தியடேட்டஸ் உரையாடலில், வியப்பே தத்துவத்தின் தொடக்கம் என்று சாக்ரடீஸ் சொல்கிறார். அரிஸ்டாட்டிலும் மெய்ப்பொருளியல் நூலின் முதற்பகுதியில் அதையே வேறு வகையில் சொல்லி, அருகிலுள்ள சிறு புதிர்களில் தொடங்கிய மனிதர்கள் படிப்படியாக நிலவு, கதிரவன், விண்மீன்கள், உலகத்தின் தோற்றம் என்று சென்றார்கள் என விளக்குகிறார். இந்தியத் தத்துவ மரபுகளில் ஒன்றான சாங்கியத்தின் நூல் சாங்கிய காரிகையோ தன் முதற் செய்யுளிலேயே வேறொரு வாசலைத் திறக்கிறது. தன்னால் வருவது, பிற உயிர்களால் வருவது, தெய்வத்தால் வருவது என்னும் மூவகைத் துன்பங்களின் தாக்குதலால்தான் அவற்றை நீக்கும் வழியை அறியும் வேட்கை பிறக்கிறது என்பது அதன் கூற்று. ஒருவர் வியந்து வருகிறார், இன்னொருவர் நொந்து வருகிறார்.

இரண்டுமே உண்மைதான். ஆனால் என் வகுப்புகளில் வந்து அமர்ந்தவர்களில் பெரும்பாலானோரை இவற்றில் எதிலும் அடக்க முடியாது. தற்செயலாக வந்தவர்கள் மிகப் பலர். அதில் இழிவு எதுவும் இல்லை. பொருள் வசதி குறைந்த மாணவராக இருந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், உறவினர் ஒருவர் படித்து முடித்த தத்துவப் பாடநூல்கள் கையில் கிடைத்ததால்தான் அந்தப் பாடத்தை எடுத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. உணர்ச்சிகளை அறிவால் ஆளக் கற்பித்த ஸ்டோயிக் மரபைத் தோற்றுவித்த சீனோன், கப்பல் உடைந்து சரக்கை இழந்தபின் ஏதென்ஸில் ஒரு புத்தகக் கடையில் உட்கார்ந்து சாக்ரடீஸைப் பற்றிய நூல் வாசிக்கப்படுவதைக் கேட்டார் என்றும், இத்தகைய மனிதர்களை எங்கே காணலாம் என்று அவர் வினவியபோது அவ்வழியே சென்ற ஒரு தத்துவரைக் கடைக்காரர் சுட்டிக்காட்டினார் என்றும் பழைய வரலாறு ஒன்று உண்டு. 1664 இல் பிரெஞ்சுத் தத்துவர் மால்பிராஞ்சு பாரிஸில், அவருக்கு முந்தைய தத்துவரான டெக்கார்ட்டின் நூல் ஒன்றை வாங்கிப் படிக்கத் தொடங்கியபோது, நெஞ்சு படபடத்துப் படிப்பை இடையிடையே நிறுத்த வேண்டியிருந்ததாம். ஆக, உள்ளே வரும் வாசல் எதுவாகவும் இருக்கலாம்.

தொடர்ந்து தங்குபவர்களிடம் மட்டும் ஒரு பொதுத்தன்மையைக் கண்டிருக்கிறேன். மற்றவர்கள் "அதை விடு, மேலே போவோம்" என்று கடந்துபோகும் இடத்தில் அவர்களால் கடக்க முடிவதில்லை. அது பெரும்பாலும் மிகக் குறுகிய இடமாகத்தான் இருக்கும். வாழ்க்கையின் பொருள் என்ன என்பது போன்ற அகன்ற கேள்வியோடு வந்தவர்களைவிட, "நேற்று உறுதி கொடுத்தவனும் இன்று அதை மறந்துவிட்டவனும் எந்த வகையில் ஒரே ஆள்?" என்பது போன்ற ஒடுங்கிய கேள்வியோடு வந்தவர்களே நெடுந்தூரம் சென்றார்கள். உங்கள் தந்தையின் கேள்வி நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்ல, மற்ற துறைகள் நாள்தோறும் பயன்படுத்திக்கொண்டே, தாம் ஆராயாமல் விட்டுவைக்கும் சொற்களைப் பாருங்கள்: காரணம், ஆதாரம், சம்மதம், உயிர், உரிமை, ஒரே ஆள். எதிரே இருப்பவை அவைதாம்.

பதிவு 3 – மருத்துவப்பணி

மேலே ஐயா சொன்ன கடைசி வரிகளை என் அனுபவத்திலிருந்து விரித்துச் சொல்ல விரும்புகிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர் நான். பணிக்கு வந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் தத்துவத்தில் முதுகலைக்குச் சேர்ந்தேன். என்னை அங்கே அனுப்பியது மூளைச்சாவைத் தீர்மானிக்கும் ஒரு பரிசோதனை.

அது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். மூளைத்தண்டின் அனிச்சைச் செயல்கள் ஒவ்வொன்றும் சோதிக்கப்படும். கண்மணியில் ஒளி பாய்ச்சப்படும், விழிவெண்படலம் தொடப்படும், காதினுள் குளிர்ந்த நீர் செலுத்தப்படும். இறுதியில் மூச்சுச் சோதனை. நோயாளிக்கு முன்கூட்டியே ஆக்சிஜன் நிறைய அளித்துவிட்டு வென்டிலேட்டரிலிருந்து பிரிப்போம். இரத்தத்தில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். மூளைத்தண்டு சிறிதளவேனும் இயங்கினால் அந்த ஏற்றம் மூச்சைத் தூண்டியே தீரும். நாங்கள் மார்பையும் வயிற்றையும் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நிற்போம். சில நிமிடங்கள் கழித்து இரத்தத்தைச் சோதித்து, வாயுவின் அழுத்தம் வகுத்த அளவைத் தாண்டியும் மூச்சு எழவில்லை என்றால், அந்த நேரமே இறந்த நேரமாகக் குறிக்கப்படும். அந்த வேளையிலும் இதயம் துடித்துக்கொண்டிருக்கும்; உடல் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

இச்சோதனையில் எனக்கு ஐயமில்லை. மூளைத்தண்டின் செயல் போய்விட்டதா என்பதை அது மிகத் துல்லியமாகச் சொல்கிறது. ஆனால் அந்தச் செயல் போவதுதான் மனிதரின் இறப்பு என்பதை அது சொல்வதில்லை. எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. அது ஒரு முடிவு. மனிதர்கள் காரணங்களை எடைபோட்டு எடுத்த முடிவு. 1950களில் வென்டிலேட்டர்கள் பரவும்வரை அப்படி ஒரு முடிவுக்குத் தேவையே எழவில்லை, ஏனென்றால் மூச்சும் இதயமும் மூளையும் சிறிது நேர இடைவெளியில் ஒன்றாகவே நின்றன. 1959 இல் பிரெஞ்சு மருத்துவர்கள் இருவர் இந்த நிலையை முதன்முதலாக விவரித்தார்கள். 1968 இல் ஹார்வர்டு குழு அதை இறப்பு என்று வரையறுக்கப் பரிந்துரைத்தது. இன்றும் பிரிட்டனில் மூளைத்தண்டின் இழப்பே அளவுகோலாக இருக்க, வேறு பல நாடுகள் முழு மூளையின் இழப்பைக் கேட்கின்றன. உடற்கூறு எல்லா நாட்டிலும் ஒன்றுதான். ஆகவே வேறுபாடு வேறெங்கோ இருக்கிறது.

அந்த "வேறெங்கோ" என்ன என்று அறியவே நான் படிக்கச் சென்றேன். இறப்பு என்பது ஓர் உயிரியின் ஒருங்கிணைந்த இயக்கம் குலைவதா, அல்லது உணர்வுடைய ஓர் ஆள் மீளாமல் மறைவதா? முதலாவதை ஏற்றால், வென்டிலேட்டர் உதவியோடு சீரணித்துக்கொண்டும் காயத்தை ஆற்றிக்கொண்டும் இருக்கும் உடலை இறந்தது என்று சொல்வது கடினமாகிறது. இரண்டாவதை ஏற்றால், தானாக மூச்சுவிட்டுக்கொண்டே என்றும் விழிப்படையாத நிலையில் இருப்பவரையும் இறந்தவர் என்று சொல்ல வேண்டிவருகிறது. அதைச் சொல்ல என் நா எழாது. படித்து முடித்தபோது இதற்கு ஒரு தீர்ப்பு என் கையில் இருக்கவில்லை. ஆனால் குடும்பத்தாரிடம் பேசும்போது எது அளவீடு, எது முடிவு என்பதைக் குழப்பாமல் பேச இப்போது எனக்குத் தெரியும். என்னளவில் அந்தப் படிப்புக்கு அதுவே போதிய காரணம்.

பதிவு 4 – மறுதரப்பு

மருத்துவர் அவர்களின் பதிவு மிக நன்று. ஆனால் அது என் எதிர்ப்பையே வலுப்படுத்துகிறது. அவர் தத்துவத்துக்கு வந்தபோது கையில் ஒரு தொழில் இருந்தது, தொழிலுக்குள்ளிருந்து எழுந்த கேள்வி இருந்தது. கரைகாணானுக்கு இரண்டும் இல்லை. மற்ற துறைகள் ஆராயாமல் விடும் சொற்களை ஆராய்வதுதான் தத்துவம் என்றால், முதலில் அந்தத் துறைகளில் ஒன்றை அறிந்திருக்க வேண்டாமா?

இவ்வகை விவாதங்களில் வழக்கமாக வைக்கப்படும் இரண்டு வாதங்களைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதலாவது, "தத்துவம் வேண்டுமா என்று கேட்பதே தத்துவம்தான், ஆகவே அதிலிருந்து தப்ப முடியாது" என்பது. இது அரிஸ்டாட்டில் காலத்து வாதம். அதிலிருந்து கிடைப்பதெல்லாம், எவரும் சில வேளை இவ்வாறு சிந்திக்காமல் இருக்க முடியாது என்பது மட்டுமே. வாழ்க்கையின் மூன்று நான்கு ஆண்டுகளை அதற்கே ஒதுக்க வேண்டும் என்பது அதிலிருந்து வராது. இரண்டாவது, அமெரிக்க மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ போன்ற தேர்வுகளின் மொழித்திறன், எழுத்துத்திறன் பகுதிகளில் தத்துவ மாணவர்கள் முன்னணியில் நிற்கிறார்கள் என்பது. தகவல் சரியானது. ஆனால் நுணுக்கமாக வாசிக்கும் இயல்புடையவர்களே இப்பாடத்தை நாடி வருகிறார்கள் என்றால், அந்த மதிப்பெண்ணில் எவ்வளவு படிப்பால் வந்தது, எவ்வளவு அவர்கள் கொண்டுவந்தது என்று எப்படிப் பிரிப்பது? தருக்கம் பயின்றவர்களே இதை ஆதாரமாகக் காட்டுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

பிளேட்டோவின் கோர்கியஸ் உரையாடலில் சாக்ரடீஸை எதிர்த்து வாதிடும் கல்லிக்ளெஸ் சொல்வதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இளமையில் அளவாகத் தத்துவம் பயில்வது அழகு, ஆனால் அதிலேயே நெடுங்காலம் தங்கிவிடுபவன் நகரத்தின் சட்டங்களையும் மனிதர்களின் நடப்பையும் அறியாதவனாகிறான் என்கிறான் அவன். அவன் தீய நோக்கத்தோடு பேசினான் என்பதால் இந்தக் கூற்று பொய்யாகிவிடாது.

பதிவு 5 – நிரல்மொழி

மறுதரப்பு அவர்களுக்கு: கேள்வி தொழிலுக்குள்ளிருந்துதான் எழ வேண்டும் என்பதை நான் ஓரளவு ஏற்கிறேன். பின்னாளில் தத்துவராகப் புகழ்பெற்ற விட்கென்ஸ்டைன் 1908 இல் மான்செஸ்டருக்குச் சென்றது வானூர்திப் பொறியியல் பயில. சுழல்விசிறியை வடிவமைக்கப் போனவர் அதற்கான கணிதத்தில் ஆழ்ந்தார், கணிதத்திலிருந்து கணிதத்தின் அடித்தளம் பற்றிய கேள்விக்குப் போனார், 1911 இல் கேம்பிரிட்ஜில் தத்துவர் ரஸ்ஸலின் முன் போய் நின்றார். ஒவ்வொரு படியும் முந்தைய படியில் பதில் கிடைக்காததால் எடுத்து வைத்த படி.

ஆனால் தொழில் முதலில், தத்துவம் பிறகு என்ற வரிசை கட்டாயம் என்று தோன்றவில்லை. நான் மென்பொருள் எழுதுபவன். இளங்கலையில் படித்தது தத்துவம், குறிப்பாகத் தருக்கம். அப்போது எனக்கு எந்தத் தொழிலும் தெரியாது. என்னைப் பிடித்து நிறுத்தியது 1902 ஜூன் 16 அன்று ரஸ்ஸல் ஜெர்மன் தருக்க அறிஞர் ஃப்ரெகேவுக்கு எழுதிய கடிதம். எண்கணிதம் முழுவதையும் தருக்கத்தின் மேல் கட்டியெழுப்பும் முயற்சியில் ஃப்ரெகே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டிருந்தார். அதை விளக்கும் அவருடைய நூலின் இரண்டாம் தொகுதி அச்சில் இருந்தது. ரஸ்ஸல் மிகுந்த மரியாதையோடு, ஒரே ஓர் இடத்தில் தமக்குச் சிக்கல் இருப்பதாக எழுதினார். கணம் என்பது பொருள்களின் தொகுப்பு; தன்னைத் தான் உறுப்பாகக் கொள்ளாத கணங்கள் அனைத்தையும் கொண்ட கணம், தன்னையே கொண்டிருக்கிறதா? ஆம் என்றால் இல்லை என்றாகிறது, இல்லை என்றால் ஆம் என்றாகிறது. ஃப்ரெகே சில நாட்களிலேயே பதில் எழுதினார். அந்தக் கண்டுபிடிப்பு தம்மைத் திகைக்க வைத்ததாகவும், ஆயினும் அது தருக்கத்துக்குப் பெரும் முன்னேற்றத்தைத் தரக்கூடும் என்றும் ஒப்புக்கொண்டார். 1903 இல் வெளிவந்த தொகுதியின் பின்னிணைப்பில் அந்த முரண்பாட்டைத் தாமே வெளியிட்டார்.

பதினெட்டு வயதில் இதைப் படித்தபோது இரண்டு விஷயங்கள் என்னை ஆட்கொண்டன. சில வரிகளில் அடங்கும் ஒரு கேள்வி, ஒரு மாபெரும் கட்டுமானத்தை நிறுத்திவிடக்கூடும் என்பது ஒன்று. பாதிக்கப்பட்டவரே அந்தக் கேள்வியை வரவேற்கக்கூடிய ஒரு பண்பாடு எங்கோ இருக்கிறது என்பது மற்றொன்று. நான் அதற்குள் இருக்க விரும்பினேன். முரண்பாட்டைத் தவிர்க்க ரஸ்ஸல் வகுத்த வகைக் கோட்பாடு பின்னாளில் நிரல்மொழிகளின் வகை அமைப்புகளுக்கு வழிவகுத்தது என்பது உண்மை. அது இன்று எனக்குச் சோறு போடுகிறது என்பதும் உண்மை. ஆனால் அந்த வயதில் எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால்தான் படித்திருப்பேன் என்றும் சொல்ல மாட்டேன்.

பதிவு 6 – பின்வரிசை

விலகியவர்களும் எழுதலாம் என்று கேட்டதால் எழுதுகிறேன். அம்மா இறந்த ஆண்டில் நான் தத்துவத்தில் சேர்ந்தேன். இழப்புக்கு ஆறுதல் தேடி வருவது தகாத காரணம் என்று யாரும் சொல்ல முடியாது, கி.மு. 45 இல் மகள் துல்லியா இறந்தபின் ரோமானியப் பேச்சாளர் சிசரோ தத்துவ நூல்களை எழுதுவதில் மூழ்கினார், ரோமானியத் தத்துவர் போயத்தியஸ் மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்தபோது தத்துவத்தையே ஒரு பெண்ணாக எதிரே நிறுத்தி உரையாடினார். அப்படி ஏதோ ஒன்று எனக்கும் நிகழும் என்று நம்பினேன்.

எனக்குக் கிடைத்தவை எழுதிக்கொள்ளச் சொல்லப்பட்ட குறிப்புகள். பிளேட்டோவின் கருத்துகள் ஐந்து, அவற்றின் மீதான குறைகள் நான்கு. அடுத்த வாரம் அரிஸ்டாட்டிலின் கருத்துகள், அவற்றின் குறைகள். ஒருவர் ஏன் அப்படி நினைத்தார் என்பதை அந்த ஆண்டு முழுவதும் எந்த வகுப்பிலும் நாங்கள் பேசவில்லை. மூல நூல் ஒன்றின் ஒரு பக்கத்தைக்கூட வகுப்பில் திறந்ததில்லை. ஓராண்டு முடிந்ததும் வேறு பாடத்துக்கு மாறிவிட்டேன். கரைகாணானுக்கு நான் சொல்ல விரும்புவது இது: நீங்கள் எந்தக் காரணத்துக்காகச் சேர்ந்தாலும், அந்தக் காரணத்தை உயிரோடு வைத்திருக்கும் வகுப்பு அமைகிறதா என்று முதலில் விசாரியுங்கள். சேர்வதற்கு முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு மாணவராவது ஆசிரியரை மறுத்துப் பேசினாரா என்பதைக் கவனியுங்கள்.

பதிவு 7 – ஏட்டுச்சுவடி

பின்வரிசை அவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. அத்தகைய வகுப்புகள் உள்ளன என்பதை மறுப்பது நேர்மையாகாது. அவர் எழுப்பியதில் இன்னொரு கேள்வியும் அடங்கியிருக்கிறது. துன்பத்தோடு வருபவருக்குத் தத்துவம் என்ன தரும்?

புத்தரிடம் மாலுங்கியபுத்தர் உலகம் நிலையானதா, முடிவுள்ளதா, உடலும் உயிரும் ஒன்றா என்று விடாமல் கேட்டபோது, நஞ்சு தோய்ந்த அம்பு தைத்தவன் ஒருவன், எய்தவன் யார், எந்தக் குலம், வில்லின் நாண் எதனால் ஆனது என்பதெல்லாம் தெரியாமல் அம்பைப் பிடுங்கவிட மாட்டேன் என்றால் அவன் அறியுமுன்னே இறந்துபோவான் என்று அவர் விடையிறுத்தார். துன்பம் தலைக்கு மேல் நிற்கும்போது சில கேள்விகள் காத்திருக்கலாம் என்பது இதன் கருத்து. நானும் அப்படியே கருதுகிறேன். புதிய துயரோடு வரும் மாணவரிடம், ஆறுதல் முதலில் மனிதர்களிடமிருந்து கிடைக்கட்டும், கேள்விகள் எங்கும் போய்விடாது என்று சொல்வது என் வழக்கம். ஆனால் காலம் சற்றுக் கடந்தபின் அதே மாணவர் "இழந்தவரை நினைத்து வருந்துவது நான் அவருக்குச் செய்ய வேண்டிய ஒன்றா, அல்லது என் நோயா?" என்று கேட்டால், அப்போது அவரோடு உட்கார்ந்து ஸ்டோயிக் நூல்களை வரி வரியாக வாசிக்க முடியும், அவற்றோடு சண்டையிடவும் முடியும்.

தொழில் அறியாத இளையவர் தத்துவம் பயிலலாமா என்ற மறுதரப்பு அவர்களின் ஐயத்துக்கு மணிமேகலைக் காப்பியத்தை நினைவூட்டுகிறேன். அவள் இளம்பெண். வஞ்சி நகரில் மாதவன், அதாவது ஆண் துறவி, வடிவெடுத்து, அளவைவாதி முதல் பூதங்களின் சேர்க்கையே உலகும் உயிரும் என்னும் பூதவாதி வரை ஒவ்வொருவரிடமும் சென்று, உன் கொள்கையைச் சொல் என்று கேட்கிறாள். நேரில் காண்பதைத் தவிர வேறு எதையும் ஏற்க மாட்டேன் என்ற பூதவாதியிடம் அவள் கேட்பது ஒன்றே: உன் தாய் தந்தையர் இன்னார் என்பதை நீ அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய்? நான் பாடம் நடத்தும்போது இந்த இடத்தில் நீண்ட நேரம் நிற்பேன். அவளிடம் தொழிலறிவு எதுவும் இல்லை. எதிராளி ஏற்கெனவே ஏற்றுக்கொண்டு வாழும் ஒன்றை எடுத்து, அவர் வாயால் மறுக்கும் ஒன்றோடு பக்கத்தில் வைக்கிறாள். அதற்கு வேண்டிய மூலப்பொருள் எல்லா மனிதரிடமும் இருக்கிறது. எவரும் ஏதோ ஒன்றை நம்பியே வாழ்கிறார்கள். அதன் பிறகுதான் அறவண அடிகள் அவளுக்கு அளவைகள் எனப்படும் அறியும் முறைகளையும், ஏதுப்போலி எனப்படும் போலிக் காரணம் முதலிய பிழைகளையும் விரிவாகக் கற்பிக்கிறார். முதலில் கேட்டல், பிறகு முறையான பயிற்சி. அந்த வரிசையைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

பதிவு 8 – மறுதரப்பு

பூதவாதியின் எடுத்துக்காட்டு என்னைச் சிந்திக்க வைத்தது, ஏற்கிறேன். இருந்தாலும் பட்டம் எதற்கு? டச்சுத் தத்துவர் ஸ்பினோசா 1656 இல் தம் யூதச் சமூகத்திலிருந்து விலக்கப்பட்டார், கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துப் பிழைத்தார், 1673 இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் பதவி தர முன்வந்தபோது, சிந்திக்கும் உரிமைக்கு எல்லை எங்கே வகுக்கப்படும் என்று தெரியாததால் மறுத்தார். ஸ்டோயிக் தத்துவர் எபிக்டெட்டஸ் அடிமையாக இருந்தவர். நூல்கள் எங்கும் கிடைக்கின்றன. ஒருவர் வேறு பாடத்தில் பட்டம் பெற்றுக்கொண்டு, மாலையில் இவற்றை வாசித்தால் என்ன குறைந்துவிடும்?

பதிவு 9 – மருத்துவப்பணி

எனக்குக் குறைந்தது என்ன என்று சொல்கிறேன். முதுகலையில் சேர்வதற்கு முன் ஐந்தாறு ஆண்டுகள் நானும் இரவுப் பணிகளுக்கு இடையே தனியாகவே வாசித்தேன். தனியாக வாசிக்கும்போது எனக்கு உடன்பாடான பக்கங்களில் மெதுவாகச் சென்றேன், உடன்பாடில்லாதவற்றை வேகமாகக் கடந்தேன். அப்படிச் செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் நான் எழுதிய முதல் கட்டுரையின் விளிம்பில், நான் மறுத்த கருத்தை அதைச் சொன்னவரே "ஆம், இதுதான் என் கருத்து" என்று ஒப்புக்கொள்ளும்படி முதலில் எழுதித் தருமாறு ஆசிரியர் குறித்திருந்தார். நான்கு முறை திருத்தி எழுதினேன். நான்காவதில் அந்தக் கருத்து எனக்கே பாதி நியாயமாகத் தோன்றத் தொடங்கியது. இதை எனக்கு நானே செய்திருக்க முடியாது. ஸ்பினோசாவும் தனியாக இருக்கவில்லை. அவர் எழுதிய கடிதங்களும் அவருக்கு வந்த மறுப்புகளும் இன்றும் நம்மிடம் உள்ளன. மறுப்பவர் ஒருவர் வேண்டும். பட்டம் என்பது அத்தகையவரைத் தேடித்தரும் வழிகளில் ஒன்று, ஒரே வழி என்று நான் வாதிட மாட்டேன்.

பதிவு 10 – கரைகாணான்

அனைவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மூளைச்சாவு பற்றிய பதிவை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். இப்போது எனக்கு ஒரு கேள்வி மட்டும் மிச்சம். இத்துறை எனக்கு ஒத்துவருமா என்பதைச் சேர்வதற்கு முன்பே சோதித்துப் பார்க்க வழி உண்டா? அறிமுக நூல்கள் சிலவற்றைப் படித்துவிட்டேன். அவை எல்லாமே சுவையாக இருக்கின்றன, ஆனால் சுவையாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியவில்லை.

பதிவு 11 – ஏட்டுச்சுவடி

சரியாகச் சொன்னீர்கள். அறிமுக நூல்கள் கேள்விகளின் காட்சியைக் காட்டும். ஒரே கேள்வியில் பல நாட்கள் நிற்க உங்களால் முடியுமா என்பதைக் காட்டாது. ஒரு பயிற்சி தருகிறேன். 1643 மே மாதத்தில் பொஹீமிய இளவரசி எலிசபெத், அப்போது இருபத்து நான்கு வயது, டெக்கார்ட்டுக்கு எழுதிய முதல் கடிதத்தையும் அவர் அளித்த பதிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். மனம் இடத்தை அடைத்துக்கொள்ளாத பொருள், உடல் இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள் என்று டெக்கார்ட் கூறியிருந்தார். அப்படியானால் மனம் உடலை எப்படி அசைக்கும் என்பது எலிசபெத்தின் கேள்வி. ஒன்றை அசைக்க அதைத் தொட வேண்டும், தொடுவதற்கு இடத்தை அடைத்திருக்க வேண்டும். டெக்கார்ட் தம் பதிலில் கனத்தை எடுத்துக்காட்டாக வைக்கிறார். கல்லின் கனம் கல்லைக் கீழ்நோக்கி அசைப்பதாக நாம் எண்ணும்போது, ஒரு பரப்பு இன்னொரு பரப்பைத் தள்ளுவதாக நாம் கற்பனை செய்வதில்லை அல்லவா என்கிறார்.

எலிசபெத்தின் இரண்டாம் கடிதத்தை இப்போது படிக்காதீர்கள். அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன மறுமொழி எழுதுவீர்கள் என்று ஒரு வாரம் யோசித்து, ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் எழுதுங்கள். அந்த வாரம் உங்களுக்குச் சுமையாக இருந்ததா, அல்லது வேறு வேலைகளுக்கு நடுவிலும் மனம் அங்கேயே போனதா என்று பாருங்கள்.

பதிவு 12 – கரைகாணான்

எழுதினேன் ஐயா. சுருக்கமாக இங்கே தருகிறேன். கனம் கல்லைத் தள்ளாமலே கீழே இறக்குகிறது என்பது நமக்குப் புரிந்த ஒன்றாக இருந்தால்தான், மனம் உடலை அசைப்பதற்கு அது விளக்கமாகும். ஆனால் கனம் எப்படி அசைக்கிறது என்பதும் எனக்குப் புரியவில்லை. எனக்கு அது பழகியிருக்கிறது, அவ்வளவுதான். பழகிய புதிர் ஒன்றைக் காட்டிப் பழகாத புதிரை விளக்கியதாகக் கொள்ள முடியாது. இதை எழுதி முடித்தபின் எலிசபெத்தின் இரண்டாம் கடிதத்தைப் படித்தேன். கனத்தைப் பற்றிய அந்தப் பழைய எண்ணம் பிழை என்று டெக்கார்ட்டே நிராகரித்திருக்க, அதை வைத்து நான் ஏன் நம்ப வேண்டும் என்று அவர் கேட்கிறார். அது என் மறுப்பைவிட வலிமையானது, ஏனென்றால் அவர் டெக்கார்ட் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதிலிருந்தே தொடங்குகிறார். மணிமேகலை பூதவாதியிடம் செய்ததைப் போல. அடுத்து, உடலற்ற ஒன்று உடலை அசைக்கும் என்பதை ஏற்பதைவிட, மனத்துக்கும் இடமடைக்கும் தன்மை உண்டு என்று ஏற்பது தமக்கு எளிது என்கிறார். இங்கேதான் மூன்று நாட்களாக நிற்கிறேன். மனம் இடத்தை அடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நினைவுக்குப் பாதி உண்டா என்ற கேள்வி வருகிறது. இடத்தை அடைப்பது எதுவும் பிளக்கக்கூடியது அல்லவா?

பதிவு 13 – நிரல்மொழி

அந்தக் கடைசி வரியை மீண்டும் ஆராயுங்கள். பரப்பை அடைக்கும் ஒன்றைப் பிளக்க முடியும் என்பதிலிருந்து, அந்த ஒன்று செய்யும் செயலையும் பிளக்க முடியும் என்பது வருமா? இரு கைகளால் இடும் முடிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். கைகள் இடத்தை அடைக்கின்றன, அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்கலாம். ஆனால் முடிச்சிடுவதில் இடக்கை செய்த பாதி முடிச்சு என்று எதையும் காட்ட முடியாது. நினைத்தலும் அப்படிப்பட்டதாக இருந்தால், எலிசபெத் சொல்லும் வழி இன்னும் திறந்தே இருக்கிறது. நினைவு ஒரு பொருள் என்று நீங்கள் கொண்டால் மட்டுமே அது அடைபடும். இரண்டில் எதைக் கொள்கிறீர்கள், ஏன் என்று எழுதுங்கள். மறுதரப்பு அவர்களும் இதில் சேர்ந்துகொள்வார் என்று எதிர்பார்க்கிறேன்.

பதிவு 14 – மறுதரப்பு

சேர்ந்துகொள்கிறேன். முடிச்சுக்கு நேரத்தில் பாதி உண்டே? பாதி வழியில் நிறுத்தப்பட்ட முடிச்சை நான் கண்டிருக்கிறேன். நினைவும் பாதியில் நிற்குமானால், இடத்தில் பிளவுபடாவிட்டாலும் காலத்தில் பிளவுபடும். அப்போது எலிசபெத்தின் வழியைக் காப்பாற்ற இந்த எடுத்துக்காட்டு போதாது. கரைகாணான் முதலில் பதில் சொல்லட்டும்.